டெக்ஸ்ட் அட்வென்ச்சர் எஞ்சின்: ‘சாவியைக் கொண்டு குதிரைத் திற’ என்றால் நிரலுக்குப் புரியவைப்பது எப்படி?

#1 · கருந்திரை

பைத்தானில் ஒரு சின்ன டெக்ஸ்ட் அட்வென்ச்சர் எஞ்சின், அதாவது கட்டளைகளைத் தட்டி ஆடும் ஆட்டத்தை ஓட்டும் நிரல். ஆட்டக்களம் பழைய ஓட்டு வீடு: திண்ணை, ரேழி, முற்றம், சமையற்கட்டு, கொல்லை. மொத்தம் 5 அறை, 18 பொருள். கொல்லைக் கிணற்றில் குடம், குடத்துக்குள் சாவி, முற்றத்து மூலையில் நெல் கொட்டிவைக்கும் குதிர், அந்தச் சாவியால் குதிரைத் திறந்தால் உள்ளே ஓலைச்சுவடி. புதிர் அவ்வளவுதான்.

ஆங்கில வழிகாட்டிகள் சொல்கிறபடி உள்ளீட்டை இடைவெளியில் உடைத்து, வினை ஒன்று, பெயர் ஒன்று என்று பிரிக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும் என்பதால் வரிசையை மட்டும் திருப்பியிருக்கிறேன். ‘சாவி எடு’ ஓடுகிறது. ‘சாவியை எடு’ என்றால் ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்கிறது. தலைப்பில் உள்ள வாக்கியத்தைக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம்.

தெரிய வேண்டியவை: வேற்றுமை உருபை எப்படிக் கையாள்வது, ஆட்டத் தரவை எந்த வடிவில் வைப்பது, சேமிப்பை எப்படிச் செய்வது. இயந்திரக் கற்றல், மொழி மாதிரி எதுவும் வேண்டாம். பழைய மடிக்கணினியில் இணையம் இல்லாமல் ஓட வேண்டும்.

#2 · விதிமுறை_வேலு

உருபுக்குப் போகும் முன் ஒரு சோதனை. எஞ்சின் கோப்பைத் திறந்து ‘குதிர்’ என்று தேடுங்கள். ஒரு இடத்தில் அகப்பட்டாலும் அது எஞ்சின் இல்லை, ஒரு ஆட்டம். அறை, பொருள், புதிர் மூன்றும் வெளியே தரவுக் கோப்பில் இருக்க வேண்டும்.

1978-இல் வந்த ஸ்காட் ஆடம்ஸின் ‘அட்வென்ச்சர்லாண்ட்’ 16 கேபி நினைவகமுள்ள டிஆர்எஸ்-80 கணினியில் ஓடியது. இன்டர்பிரட்டர் (தரவைப் படித்து ஆட்டத்தை ஓட்டும் நிரல்) ஒன்றே, ஆட்டத்துக்கு ஆட்டம் தரவு மட்டும் மாறும். அதில் ஒரு விதி என்பது: வினையின் எண்ணை 150-ஆல் பெருக்கிப் பெயரின் எண்ணைக் கூட்டிய ஒற்றை எண், 5 நிபந்தனை, 4 செயல். இவ்வளவுக்குள் முழு ஆட்டமும் அடங்கியது. உங்களுக்கு நினைவகப் பஞ்சம் இல்லை, ஆகவே எண்ணுக்குப் பதில் சொல்லாகவே எழுதலாம்:

அறை: முற்றம்
விவரம்: நடுவில் வானம் தெரிகிறது. மழைத்தண்ணீர் பிடிக்கும் பித்தளை அண்டா காலியாக இருக்கிறது.
வழி: கிழக்கு = கொல்லை
வழி: மேற்கு = ரேழி
வழி: தெற்கு = சமையற்கட்டு

பொருள்: குதிர்
இடம்: முற்றம்
தன்மை: கொள்கலன், மூடியது, பூட்டியது, நகராதது
திறவுகோல்: சாவி

விதி: குடம் இறை
நிபந்தனை: கயிறு கையில், குடம் கிணற்றில்
செயல்: குடம் > கொல்லை
சொல்: கயிற்றில் மாட்டிக்கொண்டு குடம் மேலே வருகிறது. உள்ளே ஏதோ கிணுகிணுக்கிறது.

ஜேசான் (JSON) என்ற தரவு வடிவத்தில் எழுதாதீர்கள். நீளமான விவரணையில் மேற்கோள் குறி, வரி முறிவு எல்லாவற்றையும் பின்சாய்கோடு போட்டுத் தப்பிக்கவைத்தே கை ஓய்ந்துவிடும், ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் மொத்தக் கோப்பும் படிக்காது. மேலே உள்ள வடிவத்தைப் படிக்க 40 வரி நிரல் போதும்: முதல் முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் சாவிச்சொல், வலப்பக்கம் மதிப்பு, ‘அறை’, ‘பொருள்’, ‘விதி’ வந்தால் புதுப் பதிவு. பிழை காட்டும்போது வரி எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள், அது பாதி வேலையைக் குறைக்கும்.

கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை (எழுத்துகள் எந்த முறையில் பைட்டுகளாக எழுதப்பட்டன என்பதை) கட்டாயம் சொல்லுங்கள். விண்டோஸில் சொல்லாமல் விட்டால் பைத்தான் அந்தக் கணினியின் பழைய கோட்பேஜை (எழுத்துக்குறி அட்டவணையை) எடுத்துக்கொண்டு தமிழைக் குதறிவிடும். இன்னொன்று, நோட்பேடில் ‘பிஓஎம் உடன்’ என்று சேமித்த கோப்பில் தொடக்கத்தில் 65279 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொள்ளும். முதல் வரியின் ‘அறை’ மட்டும் பொருந்தாமல் போனால் காரணம் அதுதான். பைத்தானில் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்கும்.

#3 · ஓலைக்கொத்து

இடையில் ஒன்று. குதிருக்கு ஏதுங்க பூட்டு? மண்ணில் வனைந்த குதிரில் கீழே நெல் சரியும் துளையை அடைத்து வைப்பார்கள். பூட்டுப் போடுவது மரத்தில் செய்த பத்தாயத்துக்கு. ‘பத்தாயம்’ என்று மாற்றினால் ஆட்டமும் சரியாகும்.

#4 · மூன்றாம்_அடுக்கு

உருபுக்கு எளிய வழி: முன்னொட்டுப் பொருத்தம். பயனர் தட்டிய சொல் ‘சாவி’ என்று தொடங்கினால் சாவி. 1976-77 காலத்து ‘கொலோசல் கேவ்’ ஆட்டம் சொல்லின் முதல் 5 எழுத்தை மட்டும்தான் பார்த்தது. பிடிபி-10 கணினியின் 36 பிட் நினைவக அலகில் 7 பிட் எழுத்து ஐந்துதான் அடங்கும் என்பது காரணம். அதையே தமிழுக்கும் வைத்தால் ஐ, ஆல், கு எல்லாம் தானாக உதிர்ந்துவிடுமே.

#5 · கடைசிப்புள்ளி

உதிராது. ‘கிணறு’, ‘கிணற்றை’ இரண்டையும் குறியெண்களாக (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு தரும் எண்) பாருங்கள்: க, இகரக் குறி, ண, ற வரை நாலும் ஒன்று. ஐந்தாவதில் ஒன்றில் உகரக் குறி, மற்றதில் புள்ளி. ‘வீடு’, ‘வீட்டை’ இன்னும் மோசமில்லை என்றாலும் அங்கும் ‘வீட’ வரைதான் ஒற்றுமை. ‘குடம்’, ‘குடத்தை’ என்றால் ‘குட’ மட்டும். குடை ஒன்று திண்ணையில் இருந்தால் தீர்ந்தது கதை. ‘கல்’ என்று ஒரு பொருள் வைத்தால் ‘கல்வெட்டு’ம் அதற்குள் போய் விழும்.

உருபை வெட்டுவதும் அதே சிக்கல்தான், திசைதான் வேறு. ‘ஐ’யில் முடிந்தால் வெட்டு என்று விதி எழுதினால் பானை, குடை, பூனை, யானை எல்லாம் வால் அறுந்து நிற்கும். தமிழுக்கு, சொல்லை வெட்டி அடிச்சொல் தரும் ஸ்னோபால் ஸ்டெம்மர் இருக்கிறது, ஆனால் அது தேடுபொறிக்கு. அது உருபைத் தூக்கி எறிந்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த உருபுதான், ஏனென்றால் எது செயப்படுபொருள், எது கருவி என்று சொல்வது அது. ஆங்கிலத்தில் சொல் வரிசையும் முன்னிடைச்சொல்லும் சுமக்கிற வேலையைத் தமிழில் உருபு சுமக்கிறது. ‘குதிரைச் சாவியால் திற’, ‘சாவியால் குதிரைத் திற’ இரண்டும் ஒன்றே, வரிசை பொருட்டில்லை.

ஆகவே வெட்டாதீர்கள், விளைவியுங்கள். ஆட்டம் ஏறும்போதே 18 பொருளுக்கும் எல்லா வேற்றுமை வடிவத்தையும் உண்டாக்கி ஒரே அகராதியில் போடுங்கள். வடிவம் → (பொருள், உருபு). பெயருக்கு 14 வடிவம் என்றாலும் 252 பதிவுதான். உள்ளீட்டுச் சொல்லை அதில் தேடினால் ஒரே எட்டில் விடை.

விளைவிக்க வேண்டிய விதிகள், இந்த வரிசையில்:

‘ம்’ முடிவு → ம் போய் த்து: குடம், குடத்து. அதன்பின் குடத்தை, குடத்தால், குடத்தில், குடத்துக்கு, குடத்திற்கு.

‘டு’, ‘று’ முடிவு, அதற்கு முன் மெய் இல்லை என்றால் → ட்டு, ற்று: வீடு வீட்டை, கயிறு கயிற்றை. முன்னால் மெய் இருந்தால் இரட்டிக்காது: வண்டு வண்டை, கன்று கன்றை.

ஒரே குறில், அதன்பின் மெய் → மெய் இரட்டிக்கும்: கல் கல்லை, மண் மண்ணை, நெய் நெய்யை. நெடில் என்றாலோ சொல் நீண்டாலோ இரட்டிக்காது: வாள் வாளை, உரல் உரலை.

இ, ஈ, ஐ முடிவு → ய்: சாவியை, பானையை. ஆ, ஊ, ஓ முடிவு → வ்: பலாவை, பூவை.

உகர முடிவு → பெரும்பாலும் உகரம் கெடும்: விளக்கை. ‘பசு’, ‘தெரு’ போல் வந்தால் வகரம் ஏறும்: பசுவை, தெருவை.

இதற்கு அடங்காதவற்றுக்கு இலக்கணப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். ‘ரூம்’ ரூமை ஆகிறது, ரூத்தை ஆவதில்லை. ‘ரோடு’ ஆங்கிலச் சொல்லாக இருந்தும் ரோட்டை ஆகிறது. தரவுக் கோப்பில் ‘அடி: ரூம்’ என்று ஒரு வரி எழுத இடம் விடுங்கள். அது இருந்தால் விதியைப் பார்க்காமல் அதையே எடு. 18 பொருளில் இரண்டோ மூன்றோ இப்படி வரும்.

உயிரை மெய்யோடு ஒட்டுவதற்கு நீண்ட அட்டவணை எழுதுகிறவர்கள் உண்டு, தேவையில்லை. யூனிகோடில் தனி உயிருக்கும் அதன் குறிக்கும் இடைவெளி எல்லா உயிருக்கும் 56. ஐ 2960, அதன் குறி 3016. ஆ 2950, அதன் குறி 3006. ஆக ‘குதிர்’ + ‘ஐ’ என்றால்: கடைசிக் குறியான புள்ளியை (3021) எடு, 2960 + 56-ஐப் போடு. ‘குதிரை’. அகரத்துக்கு மட்டும் குறி கிடையாது, புள்ளியை எடுத்தால் போதும்.

#6 · கருந்திரை

விளைவித்தேன். 18 பொருளுக்கு 241 வடிவம், சில ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததால் 252 வரவில்லை. அதில் ஒன்றுதான் இடிக்கிறது. திண்ணையில் ஒரு மரக் குதிரை பொம்மையும் வைத்திருக்கிறேன். குதிர் + ஐ = குதிரை.

#7 · ஓலைக்கொத்து

அதுக்குத்தான் சொன்னேன், பத்தாயம் என்று வைங்க. பத்தாயத்தை. குழப்பமே இல்லை.

#8 · கடைசிப்புள்ளி

இந்த ஆட்டத்தில் தப்பிக்கலாம். எஞ்சினுக்கு அது விடையாகாது. வாள் + ஐ வாளை மீன். பால் + ஐ பாலை. அடுத்த ஆட்டக்காரர் எதை வைப்பார் என்று யாருக்குத் தெரியும்? அகராதியின் மதிப்பு ஒற்றை விடையாக இல்லாமல் பட்டியலாக இருக்கட்டும். பின்வரும் நாலு சல்லடையில் ஒவ்வொன்றாகச் சலித்து, ஒன்று மிஞ்சியதும் நிறுத்துங்கள்.

முதலாவது, எட்டும் இடம். அந்த அறையிலோ கையிலோ திறந்த கொள்கலனிலோ இல்லாததைத் தள்ளு. பொம்மை திண்ணையில், ஆள் முற்றத்தில் என்றால் இங்கேயே முடிந்தது.

இரண்டாவது, வினை என்ன கேட்கிறது. ‘திற’வுக்குக் கொள்கலனோ கதவோ வேண்டும். பொம்மைக் குதிரை இரண்டும் இல்லை.

மூன்றாவது பலர் கவனிக்காமல் தூக்கி எறிவது: ஒற்று. இரண்டாம் வேற்றுமை விரிந்து வந்தால் வல்லினம் மிகும், தொகையாக மறைந்து வந்தால் மிகாது. ‘குதிரைத் திற’ என்று த் போட்டு ஒருவர் எழுதினால் அவர் சொல்வது குதிர் + ஐ. பொம்மையைச் சொல்ல நினைத்து உருபு இல்லாமல் எழுதியவர் ‘குதிரை எடு’, ‘குதிரை திற’ என்றுதான் எழுதுவார், அல்லது ‘குதிரையைத் திற’ என்று முழுதாக. எனவே கடைசி ஒற்றை நீக்கித் தேடும்போது, நீக்கியதை ஒரு மாறியில் வைத்திருங்கள். ஆனால் இது சாட்சி மட்டும், தீர்ப்பு இல்லை. பாதிப்பேர் கைபேசியில் ஒற்றுப் போடவே மாட்டார்கள். ஒற்று இருந்தால் ‘ஐ’ பக்கம் சாய், இல்லாவிட்டால் எதுவும் முடிவு செய்யாதே.

நாலாவது, கேள். ‘குதிரா, குதிரையா?’ அடுத்த உள்ளீட்டில் ஒற்றைப் பெயர் வந்தால் அதை விடையாக எடு, முழுக் கட்டளை வந்தால் கேள்வியை மறந்துவிடு. இந்தப் பின்பாதியை விட்டுவிட்டால் ஆட்டக்காரர் அந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

ஒற்றை நீக்கும் முறை: சொல்லை முதலில் அப்படியே தேடு. இல்லை என்றால் மட்டும், கடைசி இரண்டு குறி க, ச, த, ப-வில் ஒன்றும் புள்ளியும் என்றால் அவற்றை நீக்கித் தேடு. வரிசை மாறினால் ‘டார்ச்’ என்ற பொருள் ‘டார்’ ஆகிவிடும்.

#9 · நிரல்_நத்தை

உள்ளீட்டைச் சுத்தம் செய்வதை யாரும் சொல்லவில்லை. அகராதி எவ்வளவு சரியாக இருந்தாலும் இது இல்லை என்றால் பொருந்தாது.

‘கொ’வைச் சில தட்டச்சு முறைகள் எகரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டாக (3014, 3006) அனுப்பும், சில ஒரே குறியாக (3018). திரையில் வித்தியாசம் தெரியாது. தரவுக் கோப்பையும் உள்ளீட்டையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) ஒழுங்காக்கத்துக்கு உட்படுத்தினால் ஒன்றாகும். பைத்தானில் யூனிகோட்-டேட்டா தொகுதியிலேயே இருக்கிறது. ஆனால் ‘ஔ’வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது, அது வேறு எழுத்து. ‘ஔவை’ என்று பாத்திரம் வைத்தால் மாற்றுப் பெயராக அதையும் கொடுத்துவிடுங்கள்.

8203, 8204, 8205 மூன்றும் அகலமில்லாக் குறிகள், நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். நீக்குங்கள்.

சொல் பிரிக்க, எழுத்துக்கோலம் தேடும் ரெகெக்ஸின் பின்சாய்கோடு-டபிள்யூவை (\w) பயன்படுத்தவே கூடாது. பைத்தானின் சொந்த ரெகெக்ஸில் அது உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. ‘சாவி’ என்று கொடுத்தால் ‘ச’, ‘வ’ என்று இரண்டு சொல் வரும். எல்லாம் எழுத்துதானா என்று சொல்லும் இஸ்ஆல்ஃபாவும் அப்படியே, ‘சாவி’க்கு இல்லை என்கும். நிறுத்தக்குறிகளை இடைவெளியாக மாற்றி, இடைவெளியில் உடைப்பதே போதும். எழுத்து எண்ணிக்கை வேண்டும் என்றால் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் எழுத்துகளாகப் பிரிக்கும் கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது. #5-இல் சொன்ன ‘ஒரே குறில், ஒரு மெய்’ சோதனைக்கு அது வசதி.

#10 · கடைசிப்புள்ளி

நத்தை சொன்ன சுத்தம் முடிந்தபின் பகுப்பி (கட்டளையைப் பிரித்துப் பொருள் கொள்ளும் பகுதி) இப்படிப் போகும். தலைப்பு வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

சொற்கள்: சாவியைக் | கொண்டு | குதிரைத் | திற
கடைசியிலிருந்து வினை: திற
சாவியைக் → இல்லை. க் நீக்கி: சாவியை → (சாவி, ஐ)
கொண்டு → முந்தைய ‘ஐ’யை ‘ஆல்’ ஆக்கு → (சாவி, ஆல்)
குதிரைத் → இல்லை, த் நீக்கி: குதிரை → (குதிர், ஐ), (குதிரை, உருபில்லை), ஒற்று இருந்தது
சல்லடை → (குதிர், ஐ)
கட்டளை: திற, எதை = குதிர், எதனால் = சாவி

வினையைக் கடைசியிலிருந்து தேடும்போது மூன்று சொல் வரை சேர்த்துப் பாருங்கள், நீளமானது முதலில். ‘உற்றுப் பார்’, ‘எடுத்துக் கொள்’ இரண்டும் இரண்டு சொல். பெயரிலும் அப்படியே: ‘பித்தளை அண்டாவை’ முதலில், பிறகு ‘அண்டாவை’. உருபு கடைசிச் சொல்லில் மட்டும் ஏறுவதால் முன்சொல்லைத் தொட வேண்டியதில்லை.

‘வைத்து’ கொஞ்சம் வம்பு. ‘சாவியை வைத்துத் திற’வில் அது கருவி. ‘குடத்தை வைத்துவிடு’வில் வினை. வினைதான் முதலில் கடைசியிலிருந்து எடுபடுகிறது என்பதால் ‘வைத்துவிடு’, ‘வைத்து விடு’ இரண்டும் வினைப்பட்டியலில் இருந்தால் போதும். மீதியிருக்கும் ‘வைத்து’ எல்லாம் கருவி.

வினை வடிவத்துக்கு விதி எழுதாதீர்கள். எடு, எடுங்க, எடுங்கள், எடுக்கவும், எடுத்துக்கொள், எடுத்துக்கோ. ஒரு வினைக்கு ஆறேழு வடிவம், 25 வினைக்கு 170 வரி. ஒரு மாலை நேர வேலை. விதியாக எழுதப் போனால் வா, தா, சொல், நில் ஒவ்வொன்றும் தனி வழி பிடிக்கும்.

உருபே இல்லாமல் வரும் அஃறிணைப் பெயர் ‘எதை’ என்று கொள். ‘கதவு திற’, ‘தண்ணீர் இறை’ என்று பேசுவதே இயல்பு.

#11 · பனங்கொட்டை

யாழ்ப்பாணத்தில இருந்து விளையாடுறவையையும் யோசியுங்கோ. எங்களுக்குச் சாவி எண்டால் திறப்பு. சமையற்கட்டு எண்டால் குசினி. ‘திறப்பாலை திற’ எண்டு ஒராள் அடிச்சால் என்ன செய்யும்?

#12 · கருந்திரை

நல்லவேளை முன்னொட்டுப் பொருத்தம் வைக்கவில்லை அண்ணை, ‘திறப்பு’ம் ‘திற’வும் ஒன்றாகியிருக்கும். ‘மாற்று: திறப்பு’ என்று தரவில் ஒரு வரி சேர்த்தேன். அதற்கும் எல்லா வடிவமும் விளைகிறது. ‘ஆலை’ என்ற பேச்சு வடிவத்தை ‘ஆல்’ உருபின் இன்னொரு முகமாக உருபுப் பட்டியலிலேயே போட்டுவிட்டேன், அது எல்லாப் பொருளுக்கும் வந்துவிடும். அறைப் பெயருக்கும் மாற்று வேண்டும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

#13 · விதிமுறை_வேலு

உலக அமைப்புக்கு வருவோம். பொருளின் இருப்பிடத்தை ஒரே இடத்தில் எழுதுங்கள்: பொருளில் ‘இடம்’ என்று ஒரு புலம். அறையில் ஒரு பட்டியல், பையில் ஒரு பட்டியல் என்று வைத்தால் ஒன்றிலிருந்து நீக்க மறந்து சாவி கையிலும் கிணற்றிலும் ஒரே நேரம் இருக்கும். அறையில் என்ன இருக்கிறது என்று தெரிய 18 பொருளையும் ஒரு சுற்றுச் சுற்றினால் போயிற்று. 1,000 பொருள் என்றாலும் கணினிக்குத் தெரியாது.

‘ஆட்டக்காரர்’ என்பதும் ஒரு இடமாக இருக்கட்டும். கையில் இருப்பது என்றால் இடம் = ஆட்டக்காரர்.

கொள்கலன் வந்ததும் வட்டம் வரும். ‘குடத்தைக் குடத்துக்குள் வை’ என்று யாராவது அடிக்காமல் விடமாட்டார்கள். நேரடியாகத் தடுத்தாலும் ‘குடத்தை அண்டாவுக்குள் வை’, ‘அண்டாவைக் குடத்துக்குள் வை’ என்று சுற்றி வருவார்கள். அப்போது இடத்தைத் தேடி மேலேறும் சுற்று முடிவே இல்லாமல் ஓடி நிரல் தொங்கும். வைப்பதற்கு முன், சேருமிடத்திலிருந்து மேல்நோக்கி ஏறிப் பாருங்கள். வழியில் வைக்கப்போகும் பொருளே எதிர்ப்பட்டால் மறு.

வெளிச்சமும் அதே ஏற்றம்தான். எரியும் விளக்கிலிருந்து மேலே ஏறு. மூடிய கொள்கலன் குறுக்கிட்டால் நில். அறைவரை வந்தால் அறையில் வெளிச்சம். ரேழியை இருட்டாக வைத்திருந்தால் இது வேண்டும். இருட்டில் எட்டும் பொருள் கையில் இருப்பவை மட்டுமே, ஆகவே விளக்கைக் கீழே போட்டுவிட்டுத் தேட முடியாமல் போகும் சூழலைக் கவனியுங்கள்.

விதி வரிசை: ஆட்டத்தின் சொந்த விதி முதலில், எஞ்சினின் பொதுச் செயல் பிறகு, திருப்பம் (ஒரு கட்டளைக்கான சுற்று) முடிந்ததும் நேரக்கணக்கு. கட்டளை புரியாதபோதும், ‘சேமி’, ‘உதவி’ அடித்தபோதும் நேரக்கணக்கு நகரக் கூடாது. எழுத்துப்பிழைக்கு விளக்கெண்ணெய் தீர்ந்தால் ஆட்டக்காரர் திட்டுவார்.

திசைக்குச் சுருக்கம் வைக்கிறீர்கள் என்றால் வ, தெ, கி சரி. ‘மே’ என்பது மேற்கா, மேலேயா? ‘மே’ மேற்கு என்று வைத்து மேலேக்கு ‘ஏறு’ என்று வையுங்கள்.

#14 · மூன்றாம்_அடுக்கு

முன்னொட்டு வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். வெளியீட்டில் என்ன செய்கிறீர்கள்? ‘இங்கே சாவி, குடம், கல் உள்ளது’ என்று அடித்தால் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும்.

#15 · கடைசிப்புள்ளி

அதே அகராதியைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். ‘உம்’ வடிவத்தையும் விளைவித்து வைத்தால்: ‘சாவியும் குடமும் கல்லும் கிடக்கின்றன.’ கவனிக்க, ‘உம்’ சாரியை ஏற்காத பெயரில் ஏறும். குடமும், குடத்தும் அல்ல. கயிறும், கயிற்றும் அல்ல. கல் மட்டும் இங்கும் இரட்டிக்கும்.

ஒன்று என்றால் ‘கிடக்கிறது’, பல என்றால் ‘கிடக்கின்றன’, ஆள் என்றால் ‘நிற்கிறார்’. பொருளில் ‘திணை’ என்று ஒரு புலம் வேண்டும்: அஃறிணை, உயர்திணை, மரியாதைப் பன்மை. ஆளையும் பொருளையும் ஒரே வாக்கியத்தில் அடுக்காதீர்கள், ‘பாட்டியும் உலக்கையும் கிடக்கின்றன’ என்று வந்து நிற்கும். ஆளுக்குத் தனி வாக்கியம்.

ஒட்டும் சொல்லுக்கு ஒரு சின்னச் செயல்கூறு: முன்சொல் ‘ஐ’ அல்லது ‘கு’ உருபில் முடிந்து, பின்சொல் க, ச, த, ப-வில் தொடங்கினால் ஒற்றைப் போடு. ‘சாவியைக் குடத்துக்குள் போட்டீர்கள்’. இது 6 வரி. இல்லாமலும் ஓடும், ஆனால் படிக்கிறவர் ஒவ்வொரு வரியிலும் இடறுவார்.

#16 · நிரல்_நத்தை

சேமிப்பு. பொருள்களை அப்படியே பைத்தானின் பிக்கிள் தொகுதியால் கோப்பில் கொட்டாதீர்கள். நிரலில் ஒரு வகுப்பின் பெயர் மாறினால் பழைய சேமிப்பு திறக்காது. யாரோ அனுப்பிய சேமிப்புக் கோப்பு உங்கள் கணினியில் எந்த நிரலையும் ஓட்டிவிடலாம். மாறுவதை மட்டும் எழுதுங்கள்: ஒவ்வொரு பொருளின் இடம், மாறும் தன்மைகள், கொடிகள் (ஆம்/இல்லை நிலைகள்), திருப்ப எண்ணிக்கை, ஆட்டத் தரவின் பதிப்பு எண். இதற்கு ஜேசான் பொருத்தம். ஆனால் பைத்தான் இயல்பாகத் தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் 6 எழுத்துள்ள தப்பிப்புக் குறியாக எழுதும், ‘சாவி’ 24 எழுத்தாக வீங்கும். ‘என்ஷ்யூர்-ஆஸ்கி’யைப் பொய் என்று வையுங்கள், 12 பைட்டில் கண்ணால் படிக்கிற மாதிரி வரும்.

சேமிப்பில் காட்டும் பெயரை எழுதாமல் உள்பெயரை எழுதுங்கள். நாளைக்கு ஓலைக்கொத்து சொன்னபடி குதிரைப் பத்தாயம் ஆக்கினால் பழைய சேமிப்பு உடையக் கூடாது.

முந்தைய நிலைக்கு மீளும் ‘திரும்பு’ கட்டளைக்கு இதே நிலையைத் திருப்பத்துக்கு ஒரு நகல் எடுத்து 50 வரை பட்டியலில் வைத்தால் போதும். நகல் முழு ஆழத்துக்கு எடுபட வேண்டும். மேலோட்டமாக எடுத்தால் உள்ளே உள்ள தன்மைப் பட்டியல் பழையதற்கும் புதியதற்கும் பொதுவாக இருந்து, திரும்பியும் குதிர் திறந்தே நிற்கும்.

முனையத்தை (டெர்மினல்) பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான முனையங்கள் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று ஒதுக்குவதால் ‘கொ’, ‘ணை’ போன்றவை ஒன்றின்மேல் ஒன்று ஏறியோ இடைவெளி விட்டோ தெரியும். வரி மடிக்கும் டெக்ஸ்ட்ராப் தொகுதியும் குறியெண்ணை எண்ணுவதால் வரிகள் பாதியிலேயே மடங்கும். உலாவியில் ஒரு பக்கம், ஒரு உள்ளீட்டுப் பெட்டி என்று காட்டினால் இரண்டும் தீரும். அங்கே ஒன்றே ஒன்று: ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் என்டர் தட்டினால் முதல் தட்டு சொல்லை முடிக்கத்தான். அதையே கட்டளையாக எடுத்தால் ‘சாவியை எட்’ என்று அரைகுறையாகப் போகும். விசை நிகழ்வில் ‘இஸ்-கம்போசிங்’ உண்மையா என்று பார்த்து, உண்மை என்றால் விட்டுவிடுங்கள்.

#17 · விதிமுறை_வேலு

சோதனைக்கு: ஆட்டத்தை முடிக்கும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, எஞ்சினுக்கு ஊட்டி, வெளியீட்டை முந்தைய வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். இந்த ஆட்டத்துக்கு 20 வரி வரலாம். தற்செயல் எண்கள் இருந்தால் அவை தொடங்கும் விதையெண்ணை மாறாமல் கட்டிவையுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் ஓட்டினால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று உடைந்தது உடனே தெரியும்.

தரவு ஏறும்போதே எஞ்சின் பார்க்க வேண்டியவை: வழி காட்டும் அறை உண்மையில் இருக்கிறதா, கிழக்கே போனால் மேற்கே திரும்ப வழி உண்டா (வேண்டுமென்றே ஒருவழி என்றால் ‘ஒருவழி’ என்று எழுதச் சொல்லுங்கள்), தொடக்கத்திலிருந்து எட்டாத அறை உண்டா, விதியில் வரும் பெயரெல்லாம் அறிவித்தவையா, ஒரே வடிவம் இரண்டு பொருளுக்கு விழுகிறதா.

#18 · கருந்திரை

கடைசிச் சோதனையைப் போட்டதும் இது வந்தது:

மோதல்: குதிரை → குதிர் (ஐ), குதிரை (உருபில்லை)
மோதல்: படி → நாழிப்படி, வாசற்படி
மோதல்: படியை → நாழிப்படி (ஐ), வாசற்படி (ஐ)
எச்சரிக்கை: ‘படி’ வினையாகவும் இருக்கிறது
ஒருவழி: சமையற்கட்டு > கொல்லை, திரும்ப வழி இல்லை

கடைசி என் பிழை, திருத்தியாச்சு. ‘சுவடியைப் படி’ சரியாக ஓடுகிறது, வினை கடைசியிலிருந்து எடுபடுவதால். ‘படி’ என்று மட்டும் அடித்தால் ‘எதை?’ என்கிறது, அதற்குப் பதிலாக மறுபடியும் ‘படி’ என்று அடித்தால்?

#19 · கடைசிப்புள்ளி

கேள்வி நிற்கும்போது ஒற்றைச் சொல்லைப் பெயராக முதலில் தேடு, வினையாகப் பிறகு. அப்போது ‘நாழிப்படியா, வாசற்படியா?’ என்று கேட்கும். இரண்டும் எட்டும் இடத்தில் இல்லாவிட்டால் வினைக்குப் போகும். நாழிப்படியில் ‘எழுத்துள்ளது’ என்ற தன்மை இல்லாததால் இரண்டாவது சல்லடையே அதையும் தள்ளிவிடும். அந்தச் சல்லடையில் எதுவும் மிஞ்சாமல் போனால் தள்ளும் முன் இருந்த பட்டியலைத் திருப்பி எடுங்கள். இல்லாவிட்டால் ‘நாழிப்படியைப் படி’ என்று தெளிவாக அடித்தவருக்கும் ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்று பதில் போகும், நாழிப்படி கண்ணெதிரே இருக்கும்போதே. ‘அதில் படிக்க ஒன்றுமில்லை’ என்பதுதான் வர வேண்டும்.